கீழே விழுந்த கோல்



ஒரு மாதத்துக்கு முன், ஞாயிறு பூசை முடிந்து பாடகர் குழுப் பிள்ளைகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது எண்ணிப் பார்த்தேன். ஒருவன் குறைந்தான். மூன்று வாரமாகவே அவன் வரவில்லையாம். "ஷிப்ட் மாறியிருக்கும் சாமி" என்றான் ஒரு பையன். ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை இந்த ஒரு பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பூசைக்கு வராதவன், கலியாணத்துக்கு வராதவன், வாங்கின கடனைத் திருப்பித் தராதவன் எல்லாருக்கும் ஷிப்ட்தான் மாறியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். ஆறு பேர் இருக்கும் அறை; மூன்று பேர் வேலைக்குப் போனால் மூன்று பேர் தூங்குவார்கள். நம் பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பயிற்சிக் காலம் முடிந்ததென்று சொல்லிக் கம்பெனியில் அவனை நிறுத்திவிட்டார்கள். கூட இருந்தவர்களில் சிலரைத்தான் வைத்துக்கொண்டார்களாம்.

"ரெண்டு வருஷம் சாமி, ஒரு நாள் லீவு போடல. பெர்மனென்ட் ஆயிடும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் நேர்ச்சை செஞ்சேன். ஒண்ணும் நடக்கல. இப்ப எந்த முகத்தோட ஊருக்குப் போறது, எந்த முகத்தோட கோவிலுக்கு வர்றது?"

குருவானவர்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்குமென்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். என்னிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். அங்கே ஆணியில் ஓட்டக்காரர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் துணி ஒன்று தொங்கிற்று. "இது யாருடையது?" என்றேன். அவனுடையதுதான். பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடியவன்; தொடரோட்டத்தில் கடைசிச் சுற்று அவனுக்காம். அதைச் சொல்லும்போது எழுந்து உட்கார்ந்தான். அன்று அவனிடம் நான் கற்றுக்கொண்டதே இந்தப் பாடத்தில் பாதி.

டோக்கியோவில் நடந்ததை அவன் நேற்றுப் பார்த்ததுபோலச் சொன்னான். 2021 ஆகஸ்டு 6-ந் தேதி ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் நாலு நானூறு மீட்டர் தொடரோட்டத்தின் தகுதிச் சுற்று. நமது நாட்டுக்காக ஓடியவர்கள் முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் என்னும் நால்வர். மூன்றாவதாக ஓடிய ஆரோக்கிய ராஜீவ் திருச்சி ஜில்லா லால்குடிப் பக்கத்தவர், இராணுவ வீரர், 2017-ல் அர்ஜுனா விருது பெற்றவர். ஆரோக்கிய அன்னையின் பெயரைச் சுமக்கிறவர் என்பதால் நம் பையனுக்கு அவர்மேல் தனிப் பிரியம். நால்வரும் சேர்ந்து 3 நிமிஷம் 00.25 விநாடியில் ஓடி முடித்தார்கள். ஆசியாக் கண்டத்தில் எந்த நாடும் அதுவரை அவ்வளவு வேகமாய் ஓடினதில்லை. 2018-ல் கத்தார் நாட்டார் நாட்டிய சாதனை முறிந்தது.

ஆனால் இறுதிப் பந்தயத்தில் எட்டு அணிகளுக்குத்தான் இடம். இவர்கள் ஒன்பதாவது.

இதில் சற்றே நில்லுங்கள். சோம்பியிருந்து தோற்றவனுக்குத் தன்னைத்தானே நொந்துகொள்ளவாவது வழியுண்டு. கண்டத்திலேயே யாரும் ஓடாத வேகத்தில் ஓடிவிட்டு, "போதாது, வீட்டுக்குப் போ" என்று கேட்பவன் எதை நொந்துகொள்வான்? இரண்டு வருஷம் ஒரு நாளும் லீவு போடாதவனுடைய வலியும் இதே ஜாதிதான். "முயன்றால் முடியாதது இல்லை" என்று மதில்தோறும் எழுதிவைக்கிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. முயன்றும் முடியாமற் போனவனை அது ஒரே அடியில் குற்றவாளியாக்கிவிடுகிறது. வேத சத்தியமும் அப்படிப் போதிக்கவில்லை.

அர்ச். சின்னப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாளில் பவுல் என்கிறோமே, அவரேதான். விளையாட்டை உவமையாகச் சொன்ன அப்போஸ்தலர் அவர். கொரிந்து பட்டணத்தில் அவர் கூடாரம் செய்யும் தொழிலாளியாய் ஆக்கில்லா என்பவரோடு வேலை செய்து பிழைத்தாரென்று அப்போஸ்தலர் நடபடி 18-ம் அதிகாரம் சொல்லுகிறது. அந்தப் பட்டணத்துக்கு அருகே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய பந்தயங்கள் நடக்கும். வென்றவனுக்கு இலையால் கட்டின முடி சூட்டுவார்கள். சில நாளில் அது சருகாகும். ஆகையால்தான் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 9-ம் அதிகாரத்தில், ஓட்டக்காரர் வாடும் முடிக்காக இவ்வளவு பாடுபட, நாம் வாடா முடிக்காக ஓடுகிறோம் என்கிற பொருளில் எழுதினார். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கியிருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறதே, பந்தய நாளில் அங்கே எழும் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதைக்கொண்டு விளக்கினால் எப்படியோ, அப்படி.

அதே சின்னப்பர் தம் தோல்விகளையும் கணக்கெழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் நிருபம் 11-ம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து தடவை சாட்டையடி, மூன்று தடவை பிரம்படி, ஒரு தடவை கல்லெறி, மூன்று தடவை கப்பற்சேதம். அடுத்த அதிகாரத்தில், தம் சரீரத்தில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை ஆண்டவரை மன்றாடினதாகச் சொல்லுகிறார். முள் எடுபடவில்லை. தேவ இஷ்டப்பிரசாதம் போதும் என்கிற மறுமொழிதான் கிடைத்தது. ஒலிவ மலைத் தோப்பில் நமது ஆண்டவரும் மூன்று முறை செபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. நேர்ச்சை பலிக்கவில்லையே என்று வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வராமலிருக்கிறவன், தான் யாருடைய கூட்டத்தில் நிற்கிறான் என்று அறியவேண்டும்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் 12-ம் அதிகாரத்தில் பொறுமையோடு ஓடும்படி சொல்லியிருக்கிறது. பொறுமை என்று நாம் வாசிக்குமிடத்தில் கிரேக்க மூலத்தில் 'ஹுப்போமொனே' என்றிருக்கிறது. பாரத்தின் கீழே பெயராமல் நிலைத்திருப்பது என்பது அதன் கருத்து. வாய்மூடிக் கிடப்பது என்று பொருளல்ல. சம்பள பாக்கியும் சட்டப்படி சேரவேண்டியதும் உள்ளவன் அதைக் கேட்டு வாங்கவேண்டும். தொழிலாளர் சங்கமாய்ச் சேருவதைப் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் (லியோ) 1891-லேயே தொழிலாளருடைய உரிமை என்று எழுதிவிட்டார். நம் நாட்டு ஓட்டக்காரரும் அப்படித்தான் செய்தார்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஆணும் பெண்ணும் கலந்த தொடரோட்டம். அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் ஓடினபின் கடைசிச் சுற்றை ஆரோக்கிய ராஜீவ் ஓடினார். பஹ்ரைன் முதலிடம், நாம் இரண்டாமிடம். பஹ்ரைன் வீராங்கனை ஒருத்தி வழியை மறித்ததாக நம்மவர்கள் முறையீடு செய்தும் பலிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2020-ல், அதே வீராங்கனை ஊக்கமருந்துக் குற்றத்துக்காகத் தடை செய்யப்பட்டார். அந்த அணியின் ஓட்டம் தள்ளுபடியாயிற்று. நம்மவர்களுக்குத் தங்கம் வந்துசேர்ந்தது.

இந்தக் கதையைக் கேட்டவுடனே, "பார்த்தாயா, பொறுத்தால் எல்லாம் கிடைக்கும்" என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, சொல்லவில்லை. டோக்கியோவின் ஒன்பதாம் இடம் இன்றும் ஒன்பதாம் இடமே. 2016-ல் ரியோவில் ராஜீவ் ஓடிய தொடரோட்ட அணி தகுதிச் சுற்றிலேயே நீக்கப்பட்டது, அதுவும் மாறவில்லை.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். பேச்சுவாக்கில் அவனைக் கேட்டேன்: "ஓடும்போது கோல் கைநழுவி விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பின்னால் வருகிறவன் எடுத்துக் கொடுப்பானோ?"

அவன் சிரித்தான். மூன்று வாரத்தில் முதற்சிரிப்பாயிருக்கும். "சாமிக்குத் தெரியாதா? பேட்டனைக் கீழ போட்டவன்தான் எடுக்கணும். வேற யாரும் எடுக்கக் கூடாது. எடுத்துட்டா ஓடலாம்."

பிறகு விதியை விசாரித்தேன். அவன் சொன்னது சரி. கோல் உருண்டு வேறு பாதைக்குப் போயிருந்தால் தன் பாதையைவிட்டுப் போயும் எடுக்கலாம். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஓடவேண்டிய தூரத்தைக் குறைக்கக் கூடாது. மற்றவனை இடிக்கவும் கூடாது. அந்தக் கோல் முப்பது செண்டிமீட்டருக்கு மேற்படாத உட்புழையுள்ள ஒரு குழாய், அவ்வளவே. அது கையில் இல்லாமல் எவன் எவ்வளவு வேகமாய் ஓடி முடித்தாலும் அவன் ஓடினதாகக் கணக்கில்லை.

வினா: உன் வேலை போனது கோல் விழுந்ததாகுமா?

விடை: ஆகாது. வேலையை நீ கீழே போடவில்லை. அது உன்னிடமிருந்து எடுக்கப்பட்டது. பறிபோனது வேறு, நீயே கைவிட்டது வேறு. பறிபோனதற்காகச் சர்வேசுரன் உன்னிடம் கணக்குக் கேட்பதில்லை.

இந்த வித்தியாசத்தை அறியாமல் எத்தனை பேர் வீணாய்த் துன்பப்படுகிறார்கள்! ஒன்று பறிபோன கோபத்திலே, கையிலிருக்கும் மற்றொன்றைத் தாங்களே வீசிவிடுகிறார்கள். வேலை போனது ஒரு திங்கட்கிழமை. செபம் போனது செவ்வாய்க்கிழமை. முந்தினதைச் செய்தது வேறு யாரோ. பிந்தினதைச் செய்தது நாம். நம் பையனையே பாருங்கள். தினமும் ராத்திரி தகப்பனுக்குப் போன் செய்து, "ஷிப்டுக்குக் கிளம்பறேன்பா" என்று சொல்லிவிட்டு அறையிலேயே படுத்திருந்தானாம். ஞாயிறு பூசை மூன்று தவறிற்று. கூட இருந்தவர்களோடு சேர்ந்து இரண்டு தடவை குடித்ததையும் அவனே சொன்னான் (இதை எழுதிக்கொள்ளும்படி அனுமதி கொடுத்தவனும் அவனே). கம்பெனி எடுத்தது ஒன்று. அவன் போட்டது மூன்று.

விழுந்த கோலை வேறொருவர் எடுத்துத் தரமுடியாது என்பதால்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. அம்மா போய் உனக்காகச் சொல்ல முடியாது. குனிந்து எடுப்பது அவமானமாய்த்தான் இருக்கும்; அரங்கம் முழுதும் பார்க்கும்; மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். ஆனால் எடுத்த கணத்தில் நீ மறுபடியும் ஓட்டத்தில் இருக்கிறாய். சிலுவைப் பாதையில் நமது ஆண்டவர் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் விழுந்ததாகத் தியானிக்கிறோம். பத்தாம் ஸ்தலம் ஒன்று இருக்கிறதென்றால் ஒன்பதாம் ஸ்தலத்திலிருந்து அவர் எழுந்தார் என்று பொருள். பாவமே அறியாதவர் விழுந்ததும் எழுந்ததும் நமக்காகவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளையாட்டு உவமை இதற்குமேல் நம்மைக் கொண்டுபோகாது. ஓட்டக்காரனுடைய நிலைநிற்றல் அவன் பயிற்சியாலும் மனோதிடத்தாலும் வருவது. கிறிஸ்துவனுடைய நிலைநிற்றலோ வரம். முடிவுபரியந்தம் நிலைநிற்பது நம் பலத்தால் சம்பாதிக்கக்கூடியதல்ல, சர்வேசுரன் தரும் பெரிய கொடை என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் போதித்தது. அதற்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஹிப்போ நகர் மேற்றிராணியாராகிய அர்ச். அகுஸ்தீன், தம் கடைசி வருஷங்களில், இந்த வரத்தைப் பற்றியே தனியாய் ஒரு நூல் எழுதினார். சம்பாதிக்க முடியாது, ஆனால் கேட்கலாம். அருள் நிறைந்த மந்திரத்தின் பின்பாகத்தில் இப்போதைக்கும் மரண நேரத்துக்குமாகச் சேர்த்து நாம் கேட்பது இதைத்தான். ஜெபமாலை ஒன்றில் ஐம்பத்து மூன்று முறை கேட்கிறோம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் பத்து மணியாவது உருட்டினால் என்ன?

தொடரோட்டத்தில் இன்னொன்று உண்டு. ஒருவனே முழுத்தூரமும் ஓடுகிறதில்லை. இதை ஷிப்ட் வேலை செய்யும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் ஷிப்டுக்காரன் பாதி பூட்டிய வண்டியை இரண்டாம் ஷிப்டுக்காரன் பூட்டி முடிக்கிறான். எந்த வண்டியும் எவனுடைய வண்டியும் அல்ல. டோக்கியோவில் ஓடிய நால்வரில் அனஸும் அமோஜும் 2023-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் மறுபடி ஓடினார்கள். மற்ற இரு இடங்களில் முகமது அஜ்மலும் நம் தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷும் ஓடினார்கள். ராஜேஷ் தென்னக ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். நேரம் 2 நிமிஷம் 59.05 விநாடி. புதிய ஆசிய சாதனை. இறுதிப் பந்தயத்தில் ஐந்தாமிடம். டோக்கியோவில் மூடியிருந்த கதவு திறந்தபோது ஆரோக்கிய ராஜீவ் அந்த ஓட்டத்தில் இல்லை. அவர் ஓடிய நானூறு மீட்டர் அதனால் வீணாயிற்று என்று எந்த ஓட்டக்காரனும் சொல்லமாட்டான்.

நமது பக்கத்திலேயே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி ஆரம்பித்த நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான வாலிபரும் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கட்டிடத்தை சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்து, பிறகு அங்கே மறுபடி வேலை நடக்கலாயிற்று. முதலில் வேலை இழந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அந்த நாளில் ஊர் முடிந்ததென்று எண்ணினவர்கள் இருந்தார்கள்; ஊர் முடியவில்லை.

2025 செப்டம்பர் 7-ந் தேதி பாப்பரசர் 14-ம் சிங்கராயர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்திய பியேர் ஜோர்ஜியோ பிரசாத்தி என்னும் வாலிபரை நீங்கள் அறிந்துகொள்ளவேண்டும். மோட்டார் ஆலைகள் நிறைந்த தூரின் பட்டணத்தவர். ஒரகடம் பிள்ளைகளுக்கு அந்நியரல்ல. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் மோகமுள்ளவர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் பாடத்தில் தவறினார். சுரங்கத் தொழிலாளருக்கு ஊழியம் செய்யவேண்டுமென்று சுரங்கப் பொறியியல் படித்தார்; பட்டம் வாங்குமுன்னே இளம்பிள்ளை வாதம் தாக்கி 1925 ஜூலை 4-ந் தேதி, 24-ம் வயதில் மரித்தார். லோகத்தார் கணக்கில் முடியாத படிப்பு, தொடங்காத உத்தியோகம். மரிப்பதற்கு முந்தின நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் நண்பர் ஒருவருக்குக் கிறுக்கலாய் ஒரு சீட்டு எழுதினார்: நோயாளியான ஓர் ஏழைக்கு ஊசி மருந்தைச் சேர்ப்பிக்கும்படியும், இன்னொருவருடைய அடகுச் சீட்டைத் தம் செலவில் புதுப்பிக்கும்படியும். தம்மால் இனி ஓட முடியாதென்று கண்டு, கையிலிருந்ததை அடுத்த கையில் வைத்துவிட்டுப் போனார். அடக்கத்துக்கு வந்து வீதியில் நிறைந்த ஏழைகளைப் பார்த்த பிறகுதான், பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தானென்று வீட்டாருக்கே தெரிந்ததாம். அடகுச் சீட்டென்றால் என்னவென்று நம் பங்கில் விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஜூன் 15-ந் தேதி ரோமாபுரியில் விளையாட்டு வீரருடைய ஜுபிலியில் பாப்பரசர் பிரசங்கிக்கும்போது, வலியவனும் வென்றவனுமே வாழத் தகுந்தவன் என்று எண்ணும் உலகத்துக்கு, தோற்பது எப்படி என்று விளையாட்டு கற்றுத்தருகிறது என்ற கருத்தைச் சொன்னார். தோற்கத் தெரியாதவன் தன் பலவீனத்தைத் தன்னிடமே ஒப்புக்கொள்ளாதவன். தகப்பனுக்கு ராத்திரிதோறும் பொய் சொன்ன நம் பையனின் சங்கடம் அதுவேயல்லவா?

அன்று இரவு நான் அங்கே இருக்கும்போதே அவன் ஊருக்குப் போன் செய்தான். பேச்சு முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. அவன் எல்லாம் சொல்லி முடித்தபின் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு தகப்பனார் கேட்டது மாத்திரம் காதில் விழுந்தது: "சாப்டியாடா?"

அடுத்த சனிக்கிழமை அவன் கோவிலுக்கு வந்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. காலையில் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி வாசல்களுக்குப் போய்வருகிறான். சாயங்காலம் மைதானத்தில் பங்குப் பையன்களுக்குக் கோல் மாற்றச் சொல்லித் தருகிறான். பெண்பிள்ளைகளும் கற்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை சாயங்காலம் வழக்கப்படி உண்டு. இரண்டாம் ஷிப்ட் முடித்து வர முடியாதவர்களுக்காக, ஞாயிறு முதற்பூசைக்கு முக்கால் மணி முன்பே கோவிலில் இருப்பேன். பையன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன், இரண்டு வருஷம் லைனில் வேலை பார்த்த அனுபவமுண்டு; எங்காவது இடமிருப்பதாக அறிந்தவர்கள் சக்கிறீஸ்தில் தெரிவித்தால் அவனிடம் சொல்லிவிடுவேன்.